வீட்டுச் செவர்ல கேரளா மியூரல் வரைய விட்டோம்: ரேட், வேலை, குறை எல்லாம் சேத்து ஒரு ரிவியூ

குமரி மாவட்டத்துல குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை பக்கம் இப்ப புது வீடு கட்டுற நெறய பேரு ஹால்லயோ மாடிப்படி செவர்லயோ கேரளா மியூரல், அதாவது கேரள மரபு சுவரோவியம் ஒண்ணு வேணும்னு ஆசப்படுறாங்க, ஆனா யாருகிட்ட குடுக்கணும், என்ன ரேட், எதப் பாத்து வாங்கணும்னு தமிழ்ல ஒழுங்கா எழுதி நான் பாக்கல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், தேவப்படுறவங்க பொறுமையா படிங்க.

எங்க வீட்ல வரஞ்சது ஹால்ல இருந்து மாடிக்கு ஏறுற படிய ஒட்டுன செவரு. 6 அடி உயரம், 5 அடி அகலம், மொத்தம் 30 சதுர அடி. நடுவுல வேணுகோபாலன், ரெண்டு பக்கமும் கோபிகைங்க, கால்கிட்ட ஒரு பசுவும் கன்னும், மேல கடம்ப மரம், சுத்தி தாமர இதழ் பார்டர். சதுர அடிக்கு 1100 ரூபா பேசினோம், அப்ப 33,000. பட்டி, பிரைமர், அதுக்கு ஆள் கூலி எல்லாம் தனி, அது நம்ம வீட்டு பெயிண்டர் கணக்குல போயிடுச்சு. வேல எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, குடுத்த பைசா வீணாகல. ரெண்டு மூணு குறையும் இருக்கு, அதையும் சொல்றேன்.

கையால வரையணுமா, பிரிண்ட் போதாதான்னு எல்லாரும் கேக்குறாங்க. பிரிண்ட் வால்பேப்பர் சதுர அடிக்கு 100, 150 ரூபால முடிஞ்சிரும், ஒரே நாள்ல ஒட்டிட்டுப் போயிருவாங்க. எங்க சித்தப்பா வீட்ல அப்படித்தான் ஒட்டுனாங்க, ராதாகிருஷ்ணன், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. மேற்குப் பக்க செவரு அது. நம்ம ஊர்ல ஜூன்ல ஒரு மழ, ஐப்பசி கார்த்திகைல இன்னொரு மழ, ரெண்டுமே நின்னு பெய்யும், செவரு காயிறதுக்கே நேரம் கெடையாது. முதல் மழைக்கே ஓரம் விட்டுச்சு, அடுத்த மழைக்குள்ள கிருஷ்ணன் மொழங்கால் வரைக்கும் கறுப்பு கறுப்பா பூஞ்ச. ஒட்டுன கடைக்குப் போன் பண்ணுனா செவர்ல ஓதம் இருக்கு, எங்க பொறுப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க. ஓதம் இருக்குன்னா ஒட்டுறதுக்கு முன்னாடி பாத்து சொல்றதுதான ஒரு தொழில் தெரிஞ்சவன் பண்ற வேல, 14,000 ரூபா வாங்கிட்டு அப்புறம் செவர குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம். அந்த கோவம் எனக்கு இன்னும் போகல, அதான் நாங்க ஆள் தேடும்போது செவரப் பத்தி யாரு பேசுறாங்கன்னு பாத்துட்டே இருந்தேன்.

விசாரிச்சதுல சிலர் போன்ல போட்டோ காட்டுனாங்க, ரேட் சொன்னாங்க, எப்ப வரட்டும்னு கேட்டாங்க, அவ்ளோதான். திருவட்டார் பக்கத்துல இருந்து வந்த ஒரு அண்ணன் மட்டும் வீட்டுக்குள்ள வந்ததும் ஆல்பத்த டீப்பாய்ல வச்சுட்டு நேரா செவருகிட்ட போயி உள்ளங்கைய வச்சுப் பாத்தாரு. விரல் முட்டியால தட்டித் தட்டி எங்க பூச்சு விட்டுருக்குன்னு காது குடுத்துக் கேட்டாரு. பூசி எத்தன மாசம் ஆச்சு, இதுக்குப் பின்னாடி பாத்ரூம் பைப் போகுதா, மழச் சாரல் எந்தப் பக்கம் அடிக்கும், ஜன்னல்ல இருந்து வெயில் எத்தன மணிக்கு இங்க விழும்னு வரிசையா கேட்டாரு. கீழ ஓரத்துல லேசா உப்பு பூத்திருந்த ஒரு எடத்த நகத்தால சுரண்டிக் காட்டி, "இது நிக்காம நான் பிரஷ் எடுக்க மாட்டேன் கேட்டியளா"ன்னு சொன்னாரு. எங்க அத்தைக்கு அப்பவே மனசு நெறஞ்சிருச்சு, இவருகிட்டயே குடுத்திருலாம்னு அடுக்களைல வந்து சொன்னாங்க.

அவரு குருவாயூர்ல படிச்ச ஒருத்தருகிட்ட கூட நின்னு வேல கத்துக்கிட்டவரு. குருவாயூர் கத தெரியாதவங்களுக்கு சொல்றேன், 1970ல கோயில்ல தீ புடிச்சு ஸ்ரீகோயில் (கருவறை) செவர்ல இருந்த பழைய சித்திரங்கள்ல பெரும்பகுதி போச்சு. அப்புறம் மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் மாதிரி பெரிய ஆசான்மாருங்க சேந்து மறுபடி வரஞ்சாங்க, அந்த வேலையில இருந்துதான் 1989ல கோயில் நிர்வாகமான தேவஸ்வமே ஒரு மியூரல் பள்ளி ஆரம்பிச்சுது. இன்னைக்கு கேரளாவுலயும் நம்ம பக்கமும் நல்ல கை இருக்குற ஆளுங்கள்ல பல பேருக்கு குரு யாருன்னு கேட்டா அங்கதான் போயி நிக்கும். அதனால ஆர்டிஸ்ட்கிட்ட எங்க படிச்சீங்க, யாருகிட்ட படிச்சீங்கன்னு கேக்க கூச்சப்படாதீங்க, முறையா கத்துக்கிட்டவங்க சந்தோசமா சொல்லுவாங்க.

இன்னொரு விசயம், இது ஏதோ கேரள எல்லைல பாறசாலைக்கு அந்தப்பக்கம் உள்ள கல, நாம கடன் வாங்குறோம்னு நெனைக்காதீங்க. பத்மநாபபுரம் அரண்மனை நம்ம தக்கலைலதான் இருக்கு, 1956ல குமரி மாவட்டம் இங்க சேந்தப்புறமும் அரண்மனைய மட்டும் கேரள அரசுதான் பாத்துக்குது. அங்க மார்த்தாண்டவர்மா காலத்து உப்பரிகை மாளிகையோட மேல்தட்டுல செவரு முழுக்க மியூரல்தான், பத்மநாப சுவாமிக்குன்னு ஒதுக்குன அறை அது, பொதுமக்கள அந்த மாடிக்கு விடுறதில்ல. குலசேகரத்துக்குப் பக்கத்துல திருநந்திக்கர குகைக்கோயில் இருக்குல்ல, சிவராத்திரிக்கு பன்னெண்டு சிவன் கோயிலுக்கு ஓடிப் போற சிவாலய ஓட்டத்துல நாலாவதா சேருற ஊரு, அந்தக் கொடவரைக்குள்ளயும் ரொம்பப் பழைய சித்திரத்தோட மிச்சம் இருக்கு, கேரள மரபு சுவரோவியத்துலயே ஆகப் பழசுல ஒண்ணுன்னு சொல்லுவாங்க. இப்போ கோடும் நெறமும் அங்கங்க மங்கலா தெரியும், அவ்ளோதான், ஆனாலும் ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ போயி பாருங்கன்னு அந்த அண்ணனே சொன்னாரு. பழைய வேலைய கண்ணால பாக்காம கேட்லாக்ல மட்டும் பாத்து செலக்ட் பண்ணுனா எல்லாமே அழகாத்தான் தெரியும். முடிஞ்சா காயங்குளம் கிருஷ்ணபுரம் அரண்மனைல உள்ள கஜேந்திர மோட்சத்தையும் பாருங்க, ஒரே செவர்ல அவ்ளோ பெருசா இருந்தும் ஒரு யானையோட ரோமம் வரைக்கும் கோடு தளரல.

இப்ப வேலைக்கு வருவோம். அவரு முதல்லயே ஒண்ணு தெளிவா சொன்னாரு: நான் போடுறது அக்ரிலிக், இயற்கை நெறம் இல்லன்னு. பழைய முறைப்படி செய்யணும்னா செவரே வேற. சுண்ணாம்பும் மணலும் கடுக்காத் தண்ணியும் சேத்து பூசி, அதுமேல பஞ்சு சேத்த சுண்ணாம்பு ஒரு பூச்சு, அப்புறம் இளநித் தண்ணில கலந்த சுண்ணாம்ப 25, 30 தடவ மெல்லிசா அடிக்கணும், அப்பதான் அந்த வெள்ளை முட்டஓடு மாதிரி வரும். நல்லா காஞ்சப்புறம்தான் வரையறது. மஞ்சளும் செவப்பும் கல்ல அரச்சு எடுக்குறது, கறுப்பு எண்ண வெளக்குக் கரி, பச்சைக்கு நீல அமரி, அதாவது அவுரிச் செடியோட சாறும் எரவிக்கரைங்கிற மரப்பிசினும், ஒட்டுறதுக்கு வேப்பம் பிசின். பஞ்சவர்ணம்னு சொல்றது மஞ்சள், செவப்பு, பச்ச, கறுப்பு, வெள்ள, இந்த அஞ்சுதான். நம்ம வீடு எல்லாம் சிமெண்ட் பூச்சு, அதுமேல பட்டி. இந்த மாதிரி செவர்ல நேச்சுரல் கலர்தான் போடுறோம்னு யாராவது டபுள் ரேட் கேட்டா, எந்தக் கல்லு, எங்க அரச்சீங்க, என்ன பசைன்னு கேளுங்க, பதில் வர்ற விதத்துலயே தெரிஞ்சிரும். இவரு அத மறைக்காம சொன்னது எனக்கு பெரிய நிம்மதி.

உப்பு பூத்த எடத்த எங்க கொத்தனார் கொத்தி எடுத்து மறுபடி பூசுனாரு, அது நல்லா காயிற வரைக்கும் இவரு வரவே இல்ல, நாங்க போன் பண்ணுனாலும் காயட்டும்னுதான் சொன்னாரு. அப்புறம் சிமெண்ட் காரத்த (அல்கலி) தாங்குற பிரைமர், ரெண்டு கோட் பட்டி, உப்புத்தாள் போட்டு தேச்சு, திரும்ப பிரைமர். பட்டி பாத்த அன்னைக்கு ராத்திரி லைட்ட அணச்சுட்டு செவரோட பக்கவாட்டுல டார்ச் அடிச்சுக் காட்டச் சொல்லி எங்கெல்லாம் மேடு தெரியுதோ பென்சில்ல சுழிச்சுட்டுப் போனாரு, மறுநாள் அந்த எடத்த மட்டும் திரும்ப தேச்சாங்க. இதெல்லாம் பாக்கும்போது எங்க வீட்டு பெயிண்டருக்கே கொஞ்சம் சலிப்புதான், ஆனா இப்ப படத்துகிட்ட மூக்க வச்சுப் பாத்தாலும் செவர்ல ஒரு நெளிவு கெடையாது.

முதல் வரைவு பென்சில், அதுக்கு மேல மெல்லிசான மஞ்சள் கோடு. மஞ்சள்ல ஏன் வரையணும்னா மேல எந்த நெறம் வந்தாலும் அத மூடிரும், அதனால இந்தக் கட்டத்துல கை, கால், மொகத்தோட அளவ எவ்ளோ வேணும்னாலும் மாத்திக்கலாம். அத்தை பசுவோட மொகம் கிருஷ்ணனப் பாத்து இருக்கணும்னு சொன்னாங்க, அவரு மொத வெளிய பாக்குற மாதிரி போட்டிருந்தாரு, ஒரு வார்த்த பேசாம அழிச்சு மாத்திக் குடுத்தாரு. நீங்களும் ஏதாவது மாத்தணும்னா இந்த மஞ்சக் கோட்டுலயே சொல்லிருங்க, கலர் ஏறுனப்புறம் சொன்னா அவங்களுக்கும் கஷ்டம், படமும் கெட்டுப் போகும்.

அப்புறம் மஞ்சள் வாஷ் (தண்ணியா கலந்த பூச்சு), அதுக்கு மேல செவப்பு, பச்ச. கிருஷ்ணன் ஏன் நீலமா இல்லாம பச்சையா இருக்காருன்னு வீட்டுக்கு வர்ற எல்லாரும் கேக்குறாங்க. இந்த மரபுல சாத்வீக தெய்வங்களுக்கு பச்சதான், ராஜச குணத்துக்கு பொன்னும் செவப்பும் சேரும், குணத்தப் பாத்துத்தான் உடம்பு நெறம் முடிவாகுது. நீலக் கிருஷ்ணன்தான் வேணும்னு அடம் புடிச்சா சிலர் போட்டுக் குடுப்பாங்க, ஆனா அது அந்த அழகுக்கு ஒட்டாது, தயவுசெஞ்சு கேக்காதீங்க.

ஷேடிங்தான் நான் ரொம்ப நேரம் உக்காந்து பாத்த வேல. ஒரே அடில பச்சைய அடர்த்தியா போடல. தண்ணியா கலந்த பச்சைய கிருஷ்ணன் கையோட ஓரத்துல ஒரு கோட், காயவிட்டு அதுமேல இன்னொன்னு, அப்புறம் பிரஷ் நுனியால கடுகவிடச் சின்னப் புள்ளிங்க, ஓரத்துல நெருக்கமா, நடுவுல வர வர கலைஞ்சு. ஒரு முழங்கைக்கு மட்டும் அரை நாள் போச்சு. தூரத்துல நின்னு பாத்தா அந்தக் கை உருண்டு நிக்குது, கிட்ட போனா வெறும் புள்ளி. பிரிண்ட்ல இது வரவே வராது, அங்க கிட்ட போனா மங்கலாத்தான் ஆகும்.

கடைசியா கறுப்பு அவுட்லைன். முனைல துணி உருண்ட கட்டுன ஒரு நீளக் கம்ப செவர்ல சாச்சு, அதுமேல வலது கை மணிக்கட்ட வச்சுக்குவாரு, மூச்ச நிறுத்திட்டு தோள்ல இருந்து விரல் வரைக்கும் ஒரே இழுப்பு. கிருஷ்ணனோட இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் வர்ற வளைவு, பிரஷ் எடுக்காம ஒரே கோடு, ஆரம்பத்துல மெல்லிசு, தொடைகிட்ட தடிச்சு, கணுக்கால்ல மறுபடி இழையா வந்து நிக்குது. அந்த நேரத்துல வீட்ல மிக்ஸி கூட போடல நாங்க, அவரு கேக்கல, எங்களுக்கே மனசு வரல. ஆர்டிஸ்ட்டோட தரம் என்னன்னு தெரியணும்னா அவரு ஆல்பத்துல உள்ள கோட்ட மட்டும் பாருங்க. கலரு நல்லா இருக்குறது பெயிண்ட் கம்பெனியோட புண்ணியமா கூட இருக்கலாம், கோடு அவரு கையில இருந்துதான் வரணும். ஒரே தடிமன்ல மார்க்கர் பேனா வச்சு இழுத்தாப்புல கோடு இருந்தா வேற ஆளப் பாருங்க.

கண்ணு எல்லாத்துக்கும் கடைசி. நாள் பாத்து, காலைல வெளக்கு கொளுத்தி வச்சுட்டு கண் திறந்தாரு. அதுவரைக்கும் செவர்ல ஒரு படம் இருந்துச்சு, கருவிழி வச்சதும் படி ஏறுற நம்மளப் பாக்குற மாதிரி ஆயிடுச்சு, அத்தை அங்கயே கைகூப்பிட்டாங்க.

சரி, குறைக்கு வர்றேன். ஒண்ணு, நடுவுல ஒரு கோயில் வேல வந்துச்சுன்னு பாதில விட்டுட்டுப் போயிட்டாரு. சொல்லிட்டுத்தான் போனாரு, ஆனா சாரமும் பிளாஸ்டிக் ஷீட்டும் மாடிப்படில அப்படியே கெடந்துச்சு, வீட்ல வயசானவங்க இருக்கும்போது அது ரொம்பக் கஷ்டம். பேசும்போதே, ஆரம்பிச்சா முடிச்சுட்டுத்தான் போகணும்னு பேசிக்கோங்க, கோயில் சீசன் அவங்களுக்கு தவிர்க்க முடியாது, அதனால அது முடிஞ்சப்புறம் ஆரம்பிக்கச் சொல்றதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது. ரெண்டு, வார்னிஷ். நாங்க மினுக்கம் இல்லாத மேட் கேட்டிருந்தோம், அவரு கூட்டிட்டு வந்த பையன் மினுக்குற கிளாஸி அடிச்சுட்டான். படில நின்னு பாத்தா ஜன்னல் வெளிச்சம் நேரா கிருஷ்ணன் மொகத்துல பளபளன்னு அடிச்சு கண்ணே தெரியல. சொன்னதும் அடுத்த நாளே வந்து அதுமேல மேட் கோட் போட்டு சரி பண்ணிட்டாரு, கூடுதல் பைசா கேக்கல, ஆனாலும் இடது மேல் மூலைல சாயங்கால வெளிச்சத்துல லேசா ஒரு மினுக்கம் இன்னும் இருக்கு. மூணு, படி கிரானைட்ல செவப்பு சொட்டு சில எடத்துல விழுந்து காஞ்சிருந்துச்சு, நாங்கதான் பிளேடு வச்சு சுரண்டுனோம்.

ரேட் பத்தி இன்னும் ரெண்டு வார்த்த. சதுர அடிக் கணக்குன்னு சொன்னாலும் உருவம் எத்தனங்கிறதுதான் உண்மையான கணக்கு. ஒரே ஒரு ஆலிலைக் கண்ணனும் சுத்தி வெறும் செவப்பும்னா கம்மிக்கு பேசலாம், எங்களது மாதிரி மூணு மொகம், நக, பூ வேலன்னா ஏறும். ரொம்பக் கொறச்சா பேசுனா அவங்க கொறைக்கிறது அந்தப் புள்ளி வேலையத்தான், நம்ம கண்ணுக்கு அன்னைக்கு தெரியாது, பக்கத்துல ஒரு நல்ல வேலைய பாத்தப்புறம்தான் தெரியும். எங்க ரோட்ல ஒரு டீச்சர் வீட்ல இதே அண்ணன் கடைசி இராவுணவ இந்த பாணில வரஞ்சு குடுத்திருக்காரு, பதிமூணு மொகம், ஒவ்வொண்ணும் வேற வேற பார்வ, பாத்தா கிட்டத்தட்ட எங்க செவரு அளவுதான், ரேட் எங்களுதவிட நல்லா கூட, போயி பாத்தப்புறம் அது ஞாயமான ரேட்டுன்னுதான் எனக்குத் தோணுச்சு.

பாத்துக்குறது ஒண்ணும் பெரிய பாடு இல்ல. ஈரத் துணி வைக்காதீங்க, காஞ்ச மெத்து பிரஷ்ஷால தூசி தட்டுனா போதும். நேரா வெயில் விழுற செவரு வேண்டாம். சுவிட்ச் போர்டு இருக்குற செவரும் வேண்டாம், வருசம் போகப் போக அதச் சுத்தி கை அழுக்கு படியும். லைட் வைக்கிறதா இருந்தா படத்துக்கு நேரா ஸ்பாட் வைக்காம மேல இருந்து சரிச்சு, மஞ்சள் வெளிச்சமா ஒரு எல்இடி வைங்க, வெள்ள லைட்ல அந்தக் காவிச் செவப்பு செத்துப் போயிடுது. பாத்ரூமுக்குப் பின்பக்க செவர்லதான் வரையணும்னு எடம் இருந்தா செவர்ல வேண்டாம், கேன்வாஸ்ல வரஞ்சு பிரேம் போட்டு மாட்டச் சொல்லுங்க, அவங்க அதையும் பண்ணித் தர்றாங்க, வாடக வீட்ல இருக்குறவங்களுக்கும் அதான் சரி.

அட்வான்ஸ் மூணுல ஒரு பங்கு, கலர் ஏறுனப்புறம் ஒரு பங்கு, வார்னிஷ் காஞ்சு பகல்லயும் ராத்திரி லைட்லயும் பாத்துட்டு மிச்சம், இப்படித்தான் நாங்க குடுத்தோம். வேல ஆரம்பிக்க தை பாதில இருந்து பங்குனி வரைக்கும் நல்ல காலம், மழையும் இருக்காது, செவரும் காஞ்சிருக்கும். அந்த மாசங்கள் சீக்கிரம் புக் ஆயிடுது, பூச்சு வேல முடிஞ்ச உடனே ஆளக் கூப்பிட்டு செவரக் காட்டி வச்சிருங்க.